போன கோடையில் எங்கே இருந்தாய்?

என் தோழியின் வலது கணுக்காலுக்கு மேலே அந்தக் கொப்புளம் எழும்பியது ஒரு பங்குனி மாதத்தில். நாங்கள் இருவரும் பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பதினான்கு வயது, அவளுக்கு ஒரு வயது கூட. டில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டு விழா நடந்து, பள்ளிக்கூடங்களில் எல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள் அல்லவா, அதற்கு அடுத்து வந்த கோடை அது.

கொப்புளம் தீக்கங்கை வைத்து அழுத்தியது போல எரிகிறது என்றாள். மூன்றாம் நாள் அது உடைந்தது. உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல ஒன்று தலையை நீட்டியது. விடுதி அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "நரம்புச் சிலந்தி" என்று மட்டும் சொல்லி, வேப்பங்குச்சி ஒன்றைச் சீவிக் கொண்டுவந்தார். விடுதியில் அந்தக் கோடையில் அது நான்காவது கால்.

பெயரில் சிலந்தி இருந்தாலும் அது ஒரு புழு. ஒரு முழத்துக்கும் மேல் நீளமாகக் காலுக்குள் கிடக்கும். பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிப் புண் புரையோடிப் போகும். அதனால் வெளியே வந்த நுனியைக் குச்சியில் சுற்றி, தினம் ஒரு சுற்று, அரைச் சுற்று என்று பைய எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நடமாட்டம் கிடையாது. வெயில் சூட்டில் வருகிறது என்பார்கள் சிலர். வயல் நண்டு தின்றால் வரும் என்பார்கள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், தண்ணீரிலிருந்து வருகிறது என்றார். எந்தத் தண்ணீர், எப்படி என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. கல்லூரி ஆசிரியர் ஒருவர், தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவர், பேட்டையில் பஞ்சு வியாபாரம் செய்த முதலாளி ஒருவர், இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய சங்கம். மாணவர்கள் தாங்களே கேள்வி போட்டு, தாங்களே ஆராய்ந்து கண்டதை ஆவணி மாதத்தில் ஒரு கண்காட்சியாக வைப்பார்கள். பூதக்கண்ணாடி, வெப்பமானி, குறிப்பேடு இவற்றைச் சங்கம் இரவல் கொடுக்கும். யாருக்கும் சம்பளம் இல்லை, லாபம் இல்லை. நாலு பேர் கூடினாலே போலீஸ்காரர்கள் வந்து எட்டிப் பார்த்த காலம். தங்களுக்கும் ராஜாங்க விஷயங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சுற்றறிக்கையின் தலைப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். கீழே இரண்டு விதிகள். விடை தெரிந்த கேள்வியை அனுப்ப வேண்டாம். குறிப்பேட்டில் பெரியவர்கள் ஒரு வரிகூட எழுதக் கூடாது.

பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிஸியம்மா அதை எங்கள் வகுப்பில் வாசித்து, யாரிடமாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். பையன்களின் பள்ளிக்கூடங்களுக்குத்தான் இதெல்லாம் என்று நினைத்தோம். சாயங்காலம் நோயாளி அறைக்குப் போய்த் தோழியிடம் வம்பு பேசுவது போல இதைச் சொன்னேன். அவள் காலில் கட்டியிருந்த குச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு ளா" என்றாள். "இது எனக்கு ஏன் வந்துச்சு? ஒனக்கு ஏன் வரல? ஒரே பாயிலதான ரெண்டு பேரும் படுத்துக் கெடந்தோம்."

அதில் பொறாமையின் சாயல்கூட இல்லை. மழை ஏன் இன்று அங்கே பெய்தது, இங்கே பெய்யவில்லை என்று கேட்பது போலக் கேட்டாள். அதையே கேள்வியாக எழுதி அனுப்பினோம்.

பத்து நாள் கழித்துச் சங்கத்தின் காரியதரிசி வந்தார். அவர்தான் தாலுகா கச்சேரி குமாஸ்தா. குடையை வராந்தாவில் சாய்த்துவிட்டு, மிஸியம்மாவுக்கு எதிரே நாற்காலி நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். துணியில் சுற்றியிருந்த பூதக்கண்ணாடியையும் குறிப்பேட்டையும் எங்களிடம் கொடுத்தார். என் தோழியை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்திருந்தோம்.

"இதுக்கு விடை ஒங்களுக்குத் தெரியுமா ஐயா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியாதும்மா. சங்கத்துல ஒருத்தருக்கும் தெரியல. அதனாலதான் ஒங்க கேள்விய எடுத்துக்கிட்டோம்" என்றார்.

பெரியவர் ஒருவர் தெரியாது என்று சொல்லி, அதற்காக வெட்கப்படாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவள் கட்டிலில் இருந்தாள், நான் அவளுக்குக் காலாக இருந்தேன். அவள் கேள்விகளை எழுதித் தருவாள். நான் விடுதி முழுவதும் சுற்றிக் கேட்டு வருவேன். விடுதிக்குள் இருந்த கிணறு மாசியிலேயே வற்றிவிடும். அதன் பிறகு தினம் விடியற்காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு, தூத்துக்குடிக்குப் பஞ்சு வண்டிகள் போகிற சாலையோரத்தில் இருந்த படிக்கிணற்றுக்குப் போவோம். கல் படிகளில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று மொண்டு வருவோம். அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால், கசகசா அளவில் சின்னப் பூச்சிகள் துள்ளித் துள்ளி நீந்துவது தெரியும். பூதக்கண்ணாடியில் அவற்றின் கால்களும் வால் பக்கத்தில் இரண்டு முட்டைப் பைகளும் தெரிந்தன. இத்தனை நாள் இதையா குடித்தோம் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

படிக்கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு நோய் வந்திருக்கும், குடிக்காதவர்களுக்கு வந்திருக்காது என்று கட்டம் போட்டோம். கட்டம் பொருந்தவில்லை. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். அவர்களில் ஒருத்திக்குக்கூட நோய் இல்லை. நானும் குடித்தேன். எனக்கும் இல்லை. இரண்டு நாள் அவள் என்னுடன் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது, எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"போன கோடைல நீ எங்கன இருந்த?"

"எங்க வீட்லதான். மணல்வாரி அம்மை வந்து ஸ்ரீவைகுண்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாவல்லா. ஆனி வரைக்கும் வரலையே."

"அங்கன என்ன தண்ணி குடிச்ச?"

"ஆத்துத் தண்ணிதான். வாய்க்கால்ல வருமே."

அவள் கட்டத்தை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். இந்தக் கோடை என்ன குடித்தாய் என்று கேட்ட இடத்தில், போன கோடையில் எங்கே இருந்தாய் என்று எழுதினாள். நான் மீண்டும் எல்லோரிடமும் போனேன். நோய் கண்ட அத்தனை பேரும் போன கோடையில் விடுதியில் இருந்தவர்கள். ஒரு கோடையில் குடித்த தண்ணீர் அடுத்த கோடையில்தான் நோயாக வெளியே வருகிறது. விடுதியில் இருந்தும் தப்பியவர்களில் ஒருவர் எங்கள் கணக்கு டீச்சர். காரணம் கேட்டேன். தூசிக்குப் பயந்து, தண்ணீரைப் புடவைத் தலைப்பில் வடிகட்டித்தான் குடிப்பேன் என்றார். மிஸியம்மாவிடம் கட்டத்தைக் காட்டினோம். அன்று முதல் விடுதிப் பானைகளின் வாயில் நாலாக மடித்த துணி கட்டப்பட்டது. ஆனால் பங்குனி முழுவதும் வடிகட்டாத தண்ணீரை நான் குடித்தாகிவிட்டது.

புழு எப்படித் தண்ணீருக்குள் போகிறது என்பது பாக்கி இருந்தது. ஒருநாள் அவள் புண்ணைச் சுத்தம் செய்யக் காலைத் தாம்பாளத்து நீரில் வைத்தபோது, புழுவின் நுனியிலிருந்து பால் போல ஏதோ கசிந்து தண்ணீர் கலங்கியது. அவள் அதைப் பார்த்ததும் காலைச் சட்டென்று வெளியே எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"கொப்புளம் ஒடஞ்ச அன்னிக்கி எரிச்சல் தாங்கல ளா. காலைல தண்ணிக்குப் போனப்போ, படில ஒக்காந்து ரொம்ப நேரம் காலைத் தண்ணிக்குள்ள வச்சிருந்தேன். குளுகுளுன்னு இருந்துச்சு." காலைத் துடைத்துக்கொண்டே, "எத்தன பேருக்குக் குடுத்தேனோ" என்றாள்.

வண்டிக்காரர்கள் எத்தனையோ பேர் அங்கே கால் நனைக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், சமாதானம் ஆகவில்லை. தான் கால் வைத்ததையும் நாளோடு குறிப்பேட்டில் எழுதினாள். தண்ணீரில் கசிவது பூச்சிக்குள் போகிறதா என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது என்பதையும் எழுதினாள்.

கோடை விடுமுறைக்கு ஸ்ரீவைகுண்டம் போனபோது, என் அப்பா வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துத் தெருவிலும் வாழைத் தோட்டத்து வேலைக்காரர்களிடமும் விசாரித்தேன். உள்ளூர் வாய்க்கால் தண்ணீரை மட்டும் குடித்தவர்களில் ஒருவருக்கும் நோய் இல்லை. அதுவும் குறிப்பேட்டில் ஏறியது. விடுமுறைக்கு ஊருக்குப் போன அவள் ஆடியில் திரும்பி வந்தபோது புழு முழுவதும் வெளியேறியிருந்தது. கணுக்கால் மட்டும் சரியாக மடங்கவில்லை. கொஞ்சம் சாய்ந்து நடந்தாள்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது காரியதரிசி குறிப்பேட்டை வாசிக்க வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாளில் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அந்தப் படிக்கிணறு, பேட்டை முதலாளியோட வாப்பா தர்மத்துக்கு வெட்டினதும்மா. கண்காட்சி நடக்கப் போறதும் முதலாளி பஞ்சு அடுக்குத கிட்டங்கியிலதான். எதையும் மாத்தச் சொல்ல நான் வரல. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

நான் பயந்துபோனேன். கிணறு எது என்று எழுதாமல் விட்டுவிடலாம் என்றேன். அவள் வெகுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எழுதத்தான் செய்யணும். ஆனா அத்தன சனத்துக்கு முன்னால முதலாளி இத முதல் தடவையா கேக்கக் கூடாது. நாமளே முன்னக்கூட்டி சொல்லிருவோம்" என்றாள். காரியதரிசியிடம் அப்படியே கேட்டுக்கொண்டோம்.

கண்காட்சி அன்று காலை, கதவு திறக்குமுன் காரியதரிசி முதலாளியைக் கிட்டங்கிக்கு அழைத்து வந்தார். முதலாளிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் தொப்பி, தோளில் துண்டு, கண்களில் பூ விழுந்தது போன்ற மங்கல். பஞ்சுப் பொதிகளை ஒதுக்கி மேசைகள் போட்டிருந்தார்கள். எங்கள் மேசை ஜன்னலோரம்.

"ஐயா, எல்லாரும் வாறதுக்கு முன்னால ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தோழி ஆரம்பித்தாள்.

"சொல்லு மவளே."

அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். முடிந்ததும் அவர் டம்ளரையும் பூதக்கண்ணாடியையும் வாங்கிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பியும் அவருக்குத் தெரியவில்லை. அவள் ஒரு தாளில் கரித்துண்டால் அந்தப் பூச்சியை உள்ளங்கை அகலத்துக்கு வரைந்து கொடுத்தாள். அவர் அதன்மேல் விரலை ஓட்டினார்.

"இது எங்க கெணத்துலயா இருக்கு?"

"ஆமா ஐயா."

"கோடைல வாப்பா அந்தப் படியில நின்னு, வண்டிக்காரவுகளுக்குத் தன் கையால மொண்டு குடுப்பாக. கெணறு வெட்டும்போது நான் சின்னப் புள்ள, மண்ணு சொமந்திருக்கேன். அவுக நிய்யத்துல, மனசு நெனப்புல, ஒரு குத்தமும் கெடையாது மவளே."

"குத்தம்னு நாங்க எழுதல ஐயா. போன ரெண்டு கோடையிலயும் அந்தத் தண்ணி இல்லன்னா எங்க விடுதிய மூடியிருப்பாவ. அதையும் எழுதியிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, என்னை அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். கேட்டு முடித்த முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், ஒரு பொதியின் மேல் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுவதும் கூட்டத்துக்குள் வரவில்லை.

நல்ல கூட்டம். பையன்கள் ஆற்று வெள்ளத்தை அளந்தும், வாழையில் விழுகிற வண்டை வளர்த்தும் வந்திருந்தார்கள். சங்கத்தைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட போலீஸ்காரர் ஒருவர் சுவரோரம் நின்றார். பிற்பகலில் மெல்ல எங்கள் மேசைக்கு வந்து, காலில் சுற்றியிருந்த பட்டையை இறக்கிப் பழைய தழும்பைக் காட்டினார். "இது வந்ததுக்கு முந்தின வருசம் நான் சாத்தூர்ப் பக்கம் இருந்தேன். அங்கனயும் படிக்கிணறுதான்" என்றார். தோழி அதையும் எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகு மாதக்கணக்கில் முதலாளியிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. மனது நொந்து சங்கத்தைவிட்டு விலகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும், படிக்கிணற்றில் கொத்தனார்கள் இறங்கினார்கள். படிகளைக் கல்லால் அடைத்து, மேலே சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டார்கள். இனிக் கயிறு போட்டு இறைத்துத்தான் குடிக்க வேண்டும்.

நாங்கள் துள்ளிக் குதித்தோம். இரண்டாம் நாள் தண்ணீருக்குப் போனபோது, பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கயிறு அறுத்த இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"எறங்கி மொண்டுக்கிட்டுப் போன தண்ணிய இப்ப இழுத்துச் சாகுதோம். நீங்கதான எழுதிக் குடுத்திய? வந்து ஒருநா எறச்சுப் பாருங்க."

இறைத்துப் பார்த்தோம். ஆறு குடம் இறைப்பதற்குள் என் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. நோயைப் பற்றி அவ்வளவு கேட்டுக் கேட்டு எழுதிய நாங்கள், தண்ணீர் சுமக்கிறவர்களின் கையைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லையே என்று தோழி வருந்தினாள். அன்றே முதலாளிக்குக் கடிதம் எழுதினாள். கிணற்றுக்கு இரண்டு கப்பிகள் வேண்டும், கூடவே கைக்கு உறுத்தாத பருத்திக் கயிறு வேண்டும் என்று கேட்டாள். வாரம் திரும்புமுன் இரண்டும் வந்தன. கடிதம் ஒன்றும் இல்லை. கயிறு கொண்டுவந்த வண்டிக்காரர், "மொதலாளியே கயித்து முறுக்கத் தடவிப் பாத்து எடுத்துக் குடுத்தாவ" என்றார்.

பங்குனி வந்தது. எங்களுக்குத் தெரிந்ததுதான் நடந்தது. புதிதாக வந்த பிள்ளைகளென்று போன வருஷம் நாங்கள் எழுதிவைத்தவர்களில் இரண்டு பேருக்குக் கொப்புளம் கண்டது. மூன்றாவதாக எனக்கு, இடது முழங்காலுக்குக் கீழே.

எரிச்சலைவிட, அவள் முகத்தைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் கட்டம் சரி என்று இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்ல முடியாது. அவள் குறிப்பேட்டைத் திறக்கவே இல்லை. வேப்பங்குச்சியை அவளே சீவினாள், பிசிறு இல்லாமல் விரலால் தடவித் தடவி. தினமும் காலையில் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அரைச் சுற்று சுற்றுவாள்.

"என்னோடதுதான் ளா இது" என்றாள் ஒருநாள்.

"வண்டிக்காரன் யாரோடதாவதா இருக்கும்."

"இல்ல. எனக்குத் தெரியுது."

"சரி, ஒன்னோடதாவே இருக்கட்டும். யாரோ ஒருத்தரோடது வாறதுக்குப் பதிலா ஒன்னோடது வந்தா எனக்கு நல்லதுதான்" என்றேன்.

அவள் குனிந்தபடியே அழுதாள். கை மட்டும் ஆடவில்லை. முப்பத்தெட்டு நாள் சுற்றினாள், ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

ஊரில், படியை அடைத்தும் நோய் நிற்கவில்லையே என்று கேலி செய்தார்கள். கப்பியை எடுத்துவிட்டுப் படியைத் திறக்கச் சொல்லி முதலாளியிடம் ஆட்கள் போனார்களாம். "அடுத்த கோடை வரைக்கும் பொறுக்கச் சொல்லி அந்தப் புள்ளைக எழுதிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்று காரியதரிசி வந்து சொன்னார். நாங்கள் அப்படி எழுதியிருந்தது குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில். மங்கலான அந்தக் கண்களுக்கு யாரையோ வைத்து வாசிக்கக் கேட்டிருக்கிறார்.

அடுத்த கோடையில் நாங்கள் இருவரும் அதே வளாகத்தில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தோம். பங்குனி முழுவதும், சித்திரை முழுவதும் விடுதிப் பிள்ளைகளின் கால்களைப் பார்த்தோம். சாலையோரக் குடியிருப்பிலும் போய்க் கேட்டோம். வெளியூரிலிருந்து வந்த ஒரு வண்டிக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. கையை விரித்துக் காட்டிய அந்தப் பெண், இடுப்பில் குடத்தோடு நின்று, "இல்லத்தா, எங்க வளவுல ஒருத்தருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு, என் தோழியின் கன்னத்தை ஈரக்கையால் வழித்துவிட்டுப் போனாள்.

அந்த வருஷமே ஜெர்மன் சண்டை மூண்டது. காரியதரிசியை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். காகிதமும் கண்ணாடிச் சாமான்களும் கிடைப்பது அரிதாகி, சங்கம் ஒரு வருஷம் கூடும், மறுவருஷம் கூடாது. முதலாளி மட்டும், கண் முற்றிலும் போன பிறகும், கூடிய வருஷங்களில் எல்லாம் கிட்டங்கியைத் திறந்துவைத்தார் என்று கேள்விப்பட்டேன்.

என் தோழி கல்யாணமாகிக் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். புருஷனுக்கு அங்கே கணக்குப்பிள்ளை வேலை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய முதல் கடிதம் வந்தபோது நான் உவரியில் ஆசிரியையாக இருந்தேன். புது வீட்டைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ அதில் இரண்டு வரிதான். மீதிப் பக்கம் பூராவும் அட்டைகளைப் பற்றி. மழைநாளில் ஒரே பாதையில் பத்துப் பேர் நடந்தால், அட்டை முன்னால் போகிறவரைவிட்டு நடுவில் போகிறவர் காலில்தான் ஏறுகிறதாம். பிள்ளைகள் வரிசை மாறி மாறி நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அங்கே கடற்கரையில் அட்டை உண்டா என்று என்னிடம் கேட்டிருந்தாள்.